வயித்துப் புண்ணுக்குக் கஞ்சி

கற்பகவல்லி வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்தக் கம்பெனி ஒரு தப்பும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது செய்த தப்புக்காக மூடவில்லை. சாத்தூருக்கு அந்தப் பக்கம், வேறு யாரோ ஒருவருடைய கம்பெனியில் வெடித்ததற்காக இதை மூடினார்கள். இங்கே அப்படித்தான். ஒரு இடத்தில் வெடித்தால்தான் அதிகாரிகளுக்கு முழிப்பு வரும், முழிப்பு வந்தால் ஜீப் வரும். ஜீப் வந்து நின்ற அன்றைக்கு, நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஏழு பேர் இருந்தார்கள். வெளியே வேப்ப மரத்தடியில் சாக்கை விரித்துப் போட்டு இன்னும் கொஞ்சம் பேர் பூச்சட்டிக்குத் திரி செருகிக்கொண்டிருந்தார்கள். "ஆர்டர் நெருக்குது, கொஞ்சம் ஒட்டி உக்காருங்கத்தா" என்று போர்மேன் சொன்னார், ஒட்டி உட்கார்ந்தார்கள். கற்பகவல்லி செய்த குற்றம் அவ்வளவுதான். சாயங்காலமே கேட்டுக்குப் பூட்டுப் போட்டு அரக்கு வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"ஒரு வாரந்தான். மேல பேசிக்கிட்டு இருக்கோம்" என்றார் மேனேஜர். மேனேஜர்கள் சொல்கிற வாரத்துக்கு எத்தனை நாள் என்று எந்தக் காலண்டரிலும் போட்டிருக்காது. முதல் வாரம் முழுக்கக் கற்பகவல்லி காலையில் குளித்து, தலை சீவி, வேன் வருகிற இடத்தில் போய் நின்று பார்த்தாள். வேன் வரவில்லை. அப்புறம் நிற்பதை விட்டுவிட்டாள்.

பட்டாசு வேலையில் செருகின திரிக்குத்தான் கூலி. செருகாத நாளுக்குக் கிடையாது. கற்பகவல்லியின் புருசன் ஜெயபாண்டியும் அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். புருசனும் பொண்டாட்டியும் ஒரே வேனில் போய் ஒரே வேனில் வருவது நல்ல நாளில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். பூட்டுப் போட்டால் இரண்டு கூலியும் ஒரே நாளில் நின்றுபோகும். ஜெயபாண்டி விடிகிற நேரத்தில் முக்குரோட்டில் போய் நின்றான். கட்டட வேலைக்கு ஆள் எடுக்க வருகிற கொத்தனார்கள், அங்கே நிற்கிற கூட்டத்தில் தெரிந்த முகமாகப் பார்த்து வண்டியில் ஏற்றினார்கள். அக்கம்பக்கத்துக் கம்பெனிகளும் இப்படியே மூடிக் கிடக்கிறபோது அங்கே நிற்கிற முகங்களுக்குக் குறைச்சலா? வாரத்துக்கு ரெண்டு நாள் வேலை கிடைத்தால் அது பெரிய வாரம். கிடைத்ததும் வாடகைக்கும் கரண்டுக்கும் போய்விடும்.

விலைவாசிக்கு இரக்கம் ஏது? கம்பெனி மூடியிருக்கிறதே, பாவம், நாமும் கொஞ்சம் இறங்கி நிற்போம் என்று அரிசியும் நினைக்கவில்லை, பருப்பும் நினைக்கவில்லை. அந்த வீட்டில் கடலை எண்ணெய் பாமாயிலாக மாறியது. பாமாயில் தாளிப்புக்கு மட்டும் என்று ஆனது. அப்புறம் தாளிப்பே நின்றுபோனது. ரேசன் அரிசி சும்மாதானே போடுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். போடுகிறார்கள். ஆனால் கார்டு ஜெயபாண்டியின் அண்ணன் பேரோடு சேர்ந்து அவர் ஊரில் கிடந்தது. இவர்கள் பிழைக்க சாத்தூருக்கு வந்தபோது பெயரை எடுக்காமல் வந்துவிட்டார்கள். அண்ணன் பொண்டாட்டி அந்த அரிசியை ஒரு மணி விடாமல் வாங்கித் தின்றாள். கார்டு அங்கன, வயிறு இங்கன.

ஒரே ஒரு ஆறுதல், மகள் அழகுமீனா. ஆறாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சத்துணவு போட்டுவிடுவார்கள். மத்தியானச் சோறு அவளுக்கு உண்டு என்ற நினைப்பில்தான் கற்பகவல்லி அந்த நாட்களை ஓட்டினாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் ராத்திரிக்கு ஒரு வேளை. கம்பெனி திறக்கிற வரைக்கும் ராத்திரிக்கு ஒரு வேளை. அதுவும் ஊருக்குத் தெரியாமல் வேண்டும்.

ஊருக்குத் தெரிந்தால் என்ன என்று அவளிடம் யாரும் கேட்டுவிடக் கூடாது. கற்பகவல்லி காரியாபட்டிப் பக்கத்தில் நிலபுலன் உள்ள வீட்டில் பிறந்தவள். ஜெயபாண்டியைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது, அவள் அண்ணன் முனியசாமி வாசலில் வைத்து ஒரு சொல் சொன்னான். "வெடி போடுறவன் பின்னாடி போறேல்ல, போ. ஒரு நாளைக்கு ஏனத்தத் தூக்கிக்கிட்டு இதே வாசல்ல வந்து நிப்பே." பாத்திரத்தோடு போய் நிற்பது என்றால் பிச்சைதான். அந்தச் சொல் அவளுக்குள்ளே முள்ளாகத் தங்கிவிட்டது. அதனால்தான் ஒவ்வொரு தீபாவளிக்கும் கடன் பட்டாவது பெரிய பட்டாசுப் பெட்டி ஒன்றைக் காரியாபட்டிக்குப் பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். நான் நல்லா இருக்கேன் என்று சத்தமாகச் சொல்ல அதைவிடத் தோதான சாமான் எது?

அவள் குடியிருந்த வளவில் எதிரெதிராக ஏழெட்டு வீடுகள். எதிர்வீட்டு யோகலட்சுமியும் அதே கம்பெனிதான், அதே அறைதான். புருசன் விட்டுவிட்டுப் போனவள். கம்பெனி மூடின மறுநாளே யோகலட்சுமி வளவு முழுக்கக் கேட்கும்படி, "எங்கிட்ட ஒண்ணுமில்ல தாயி, யாராச்சும் குழம்பு மிச்சம் இருந்தா குடுங்க" என்று சொல்லிவிட்டாள். கொடுத்தார்கள். "வெக்கங்கெட்டவ" என்று கற்பகவல்லி மகளிடம் மெல்லச் சொன்னாள். "என்ன இருந்தாலும் அடுத்த வீட்டுல போயி பசிக்குதுன்னு சொல்லுறதா? நாம அப்படிச் சொல்லக் கூடாது, என்னம்மா?" அழகுமீனா சரியென்று தலையாட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் நோன்பு மாசம் வந்தது. வளவைத் தாண்டி ரோட்டுக்கு ஏறினால் பள்ளிவாசல். நோன்பு மாசம் சாயங்காலமானால் பள்ளிவாசலின் பக்கத்துக் கேட்டில் கஞ்சி ஊற்றுவார்கள். செருப்புக் கடை சம்சு பாய்தான் வருசா வருசம் அண்டாவுக்குப் பொறுப்பு. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப் பாலும் சேர்ந்து கொதிக்கிற வாசனை ரயில்வே கேட் வரைக்கும் போகும். நோன்பாளிகளுக்கு மட்டும்தான் என்று கணக்கு ஒன்றும் கிடையாது. யார் பாத்திரம் கொண்டு போனாலும் ஊற்றுவார். சளிப் பிடித்த பிள்ளைக்கு நல்லது, பிரசவித்த உடம்புக்கு நல்லது, வயிற்றுக்கு நல்லது என்று அந்த ஊரே வரிசையில் நிற்கும். கற்பகவல்லியும் முந்தின வருசங்களில் ஆசைக்கு வாங்கிக் குடித்திருக்கிறாள்.

ஆனால் நாக்குக்காக வாங்க வருகிறவள் நிமிர்ந்து நிற்பாள், சிரித்துப் பேசுவாள். வயிற்றுக்காக வருகிறவளுக்குத்தான் கழுத்து தானாகக் குனியும். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லாத அந்தச் சாயங்காலம் தூக்குவாளியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போய் நின்றபோது கற்பகவல்லிக்கு முனியசாமியின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஏனத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாச்சு.

கேட்டுக்கு எதிர்வீடு சம்சு பாயின் வீடு. அவர் சம்சாரம் சபுரா வாசலில் நின்று, வருகிறவர்களை விசாரித்துக்கொண்டிருந்தாள். மனசு நிறைய அன்பு உள்ள பொம்பளை. அன்பு உள்ளவர்கள் கேள்வி கேட்காமல் இருக்க மாட்டார்களே.

"என்ன கற்பகம், நீ வந்துருக்க? யாருக்கு உடம்புக்குச் சரியில்ல?"

அவள் சும்மாதான் கேட்டாள். கற்பகவல்லிக்கோ பிடிபட்டதுபோல் ஆகிவிட்டது. ஆசைக்குத்தான் என்று சிரித்திருக்கலாம். சிரிப்பு வரவில்லை.

"அவுக... அவுகளுக்கு வயித்துப் புண்ணுக்கா. நோன்புக் கஞ்சி குடிச்சாக் கேக்கும்னாக."

"அட அல்லாவே! ஜெயபாண்டித் தம்பிக்கா? வேளாவேளைக்குச் சாப்பிடாம லோடு லோடுன்னு அலைஞ்சா புண்ணு வராம என்ன செய்யும்?" சபுரா அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "என்னங்க, கற்பகத்துக்குப் பாத்து ஊத்துங்க. வயித்துப் புண்ணுக்காம். அடிக்கஞ்சி வேணாம், காரமெல்லாம் அடியிலதான் கெடக்கும். மேலாக்கத் தெளிவா எடுத்து ஊத்துங்க."

சம்சு பாய் தலையாட்டினார். கலக்கின கஞ்சியைக் கொஞ்சம் அடங்கவிட்டு, மேலே நின்ற தண்ணியை அகப்பையில் பதமாக மோந்து, தூக்குவாளியில் ஊற்றினார். அவளுக்கு முன்னால் நின்றவர்களுக்கெல்லாம் கட்டியாக விழுந்தது.

அன்றையிலிருந்து தினமும் அப்படித்தான். சம்சு பாய்க்கு ஞாபக சக்தி அதிகம், அக்கறை அதைவிட அதிகம். அவள் தலை தெரிந்ததும் கிளறுவதை நிறுத்திவிட்டு, "வாம்மா, ஒனக்குத் தெளிவுதான்" என்பார். வெள்ளிக்கிழமை கறிக் கஞ்சி. அன்றைக்கு அகப்பையில் ஏறி வந்த இரண்டு கறித்துண்டை மெனக்கெட்டு விரலால் தள்ளிவிட்டார். "கறி ஆகாதும்மா அவருக்கு." அந்தத் துண்டுகள் அண்டாவுக்குள் திரும்ப விழுவதைக் கற்பகவல்லி பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டியா ஊத்துங்க பாய் என்று சொல்ல ஒரு நிமிசம் ஆகாது. சொன்னால் அடுத்த கேள்வி வரும். தன் வாயால் போட்ட முடிச்சைத் தன் பல்லால்கூட அவிழ்க்க முடியவில்லை அவளுக்கு.

வீட்டுக்குக் கொண்டுபோய்த் தூக்குவாளியை ஆடாமல் அசையாமல் வைப்பாள். கொஞ்ச நேரத்தில் இருக்கிற பருக்கை அடியில் உட்காரும். மேலே நிற்பதைப் புருசனுக்கும் தனக்கும் ஊற்றிக்கொண்டு, அடியில் உள்ளதை அழகுமீனாவுக்கு வைப்பாள். அந்தப் பிள்ளை பாதியைக் குடித்துவிட்டு, "போதும்மா. பள்ளிக்கூடத்துல நெறையச் சோறு போட்டாங்க, வயிறு திம்முனு இருக்கு" என்று மிச்சத்தை அம்மா பக்கம் தள்ளும். கற்பகவல்லிக்கு அது கேட்க நிம்மதியாக இருக்கும். சத்துணவு ஆயாவுக்கு மனசுக்குள்ளேயே கும்பிடு போடுவாள்.

ஜெயபாண்டி கஞ்சி எப்படி வருகிறது என்று கேட்கவில்லை. "சபுராக்கா ஆசையாக் குடுக்குறாக" என்று அவள் சொன்னாள், அவன் அதோடு விட்டுவிட்டான். வேலை கிடைக்காத நாளில்கூட, "நான் வெளியவே சாப்பிட்டேன், நீங்க குடிங்க" என்பான். நான் அப்பவே சாப்பிட்டேன் என்று அவளும் சொல்வாள். சாப்பாடே இல்லாத அந்த வீட்டில் சாப்பிடாதவர் யாருமே கிடையாது.

"நோன்பு வச்ச எங்களவிட நீயில்ல மெலிஞ்சு போயிட்ட" என்றாள் சபுரா ஒரு நாள், அவள் கையைப் பிடித்துப் பார்த்து.

"அவுகளுக்குப் பத்தியம்லக்கா. வீட்டுல எல்லாருக்கும் அதே பத்தியந்தான்" என்றாள் கற்பகவல்லி. சபுராவுக்கு அவள் மேல் இன்னும் கொஞ்சம் மரியாதை கூடியது.

நோன்பு மாசத்தின் கடைசி நாட்கள் வந்தன. ஊரில் கடைவீதி களைகட்டியது. சபுராவின் வீட்டில் புதுத்துணி தைத்து வந்தது. எல்லாருக்கும் பெருநாள் கிட்டே வந்தது. கற்பகவல்லிக்கு மட்டும் கஞ்சி முடிகிற நாள் கிட்டே வந்தது. கம்பெனி திறக்கிற பேச்சு மட்டும் எங்கேயுமே இல்லை. மேனேஜருக்குப் போன் போட்டால் எடுப்பதையே விட்டுவிட்டார்.

இருபத்தொன்பதாம் நோன்பு அன்றைக்குப் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. இன்னும் ஒரு நோன்பு என்றால் இன்னும் ஒரு அண்டா. பள்ளிவாசல் மொட்டை மாடியில் பெரியவர்களும் பிள்ளைகளும் ஏறி மேற்கே பார்த்து நின்றார்கள். வளவு வாசலில் கற்பகவல்லியும் மேற்கே பார்த்து நின்றாள். அத்தனை பேரும் தெரியணும் தெரியணும் என்று நிற்க, அவள் ஒருத்திதான் தெரியக் கூடாது என்று நின்றாள். இந்த வேண்டுதலை எந்தச் சாமியிடம் வைப்பது? அல்லாவிடம் போய் உன் பிறையை மறை என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அதனால் தன் சாமியைத்தான் கூப்பிட்டாள். "இருக்கன்குடி மாரியாத்தா, ஒரே ஒரு மேகத்த அனுப்பு தாயே. ஒரு நாளைக்கு மட்டும். அடுத்தவுக சந்தோசத்தக் கெடுக்கணும்னு கேக்கலத்தா, எம்புள்ளைக்கு ஒரு வேளைக்குக் கேக்குறேன்."

மேகம் வந்தது. நிசமாகவே வந்தது. மழைக்காலம் இல்லாத அந்த மாசத்தில் எங்கிருந்தோ ஒரு கருத்த மேகம் மேற்கே மறைத்துக்கொண்டு நின்றது. மொட்டை மாடியில் இருந்தவர்கள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இறங்கினார்கள். கற்பகவல்லி கண்ணீர் விட்டுக் கும்பிட்டாள். வீட்டுக்குள் வந்து மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அந்தச் சந்தோசம் அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. கடலோரத்து ஊர் ஒன்றில் பிறை பார்த்துவிட்டதாகப் போன் வந்தது. மாரியாத்தா சாத்தூருக்கு அனுப்பின மேகம் சாத்தூரை மட்டுந்தானே மறைக்கும்? பள்ளிவாசல் மைக்கில் அறிவிப்பு கேட்டது. பிள்ளைகள் தெருவில் வெடி போட்டார்கள். பூச்சட்டி ஒன்று வளவு வாசலிலேயே பூப்பூவாகக் கொட்டியது. அதற்குத் திரி செருகினவள் இங்கே உலை வைக்க வழியில்லாமல் நிற்கிறாள்.

"அம்மா, நாளைக்குக் கஞ்சி கெடையாதா?" என்றாள் அழகுமீனா.

"கஞ்சி எதுக்கு? நாளைக்குப் பெருநாள்ல. சபுராக்கா வீட்டுப் பிரியாணி வரும்" என்றாள் கற்பகவல்லி. சொல்லும்போதே அவளுக்கும் மூச்சு வந்தது. ஆமாம், வரும். வருசம் தவறாமல் சபுரா வளவில் எல்லா வீட்டுக்கும் கொடுப்பாள். வாளி நிறையக் கொடுப்பாள். எடுத்துவைத்தால் ராத்திரிக்கும் வரும். சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை என்று பள்ளிக்கூடமும் லீவு, மத்தியானச் சோறும் லீவு. அந்தப் பிரியாணியை நம்பித்தான் அன்றைக்கு ராத்திரி மூன்று பேரும் படுத்தார்கள்.

மறுநாள் காலையிலிருந்தே நெய் வாசனை ரோட்டைத் தாண்டி வளவுக்குள் வந்துவிட்டது. அழகுமீனா குளித்து, ரெட்டைச் சடை போட்டு, கேட்காமலே தட்டைக் கழுவி வைத்தாள். கற்பகவல்லி பெரிய பாத்திரம் ஒன்றைத் துலக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். முன்னால் வைத்தால் காத்திருந்ததுபோல் தெரியும். அன்றைக்கு முக்குரோட்டில் வேலைக்கு எடுக்க வண்டி ஒன்றும் வராததால் ஜெயபாண்டியும் வீட்டில்தான் இருந்தான்.

தொழுகை முடிந்து வெயில் ஏறின பிறகு சபுரா வந்தாள். புதுச் சேலை. இடுப்பில் பெரிய கூடை, அதற்குள் வரிசையாக வாளிகள். முதல் வீட்டில் கொடுத்தாள். அடுத்த வீட்டில் கொடுத்தாள். யோகலட்சுமிக்குக் கொடுத்தபோது அவள் கெக்கலி கொட்டிச் சிரித்து, "இன்னும் ஒரு அகப்ப வையிங்கக்கா" என்று கேட்டே வாங்கினாள். ஒண்டியாளாக இருக்கிற ஊர்க்காவலன் என்ற கிழவருக்குக்கூட ஒரு பொட்டலம் கொடுத்தாள். கதவிடுக்கு வழியாக ஒவ்வொரு வீடாக எண்ணிக்கொண்டு அழகுமீனா நின்றாள்.

கடைசியாகச் சபுரா இவர்கள் வாசலுக்கு வந்தாள்.

"கற்பகம், ஒங்க வீட்டுக்குன்னு தனியா வச்சுருக்கேன்" என்றாள். கூடையின் அடியிலிருந்து ஈரத் துணி சுற்றின ஒன்றை எடுத்தாள். அவிழ்த்தால் மணத்தக்காளிக் கீரை. வேர் மண்ணைக்கூடக் கழுவி, பச்சைப் பசேலென்று ஒரு கட்டு.

"எல்லாருக்கும் பிரியாணி குடுத்துட்டு இவுகளுக்கு மட்டும் இல்லயான்னு நெனைச்சிறாத. ராத்திரியே ஒங்க பாய்கிட்டச் சொல்லிட்டேன். அந்த வீட்டுக்குள்ள பிரியாணி போச்சுன்னா, வாசனைக்கே தம்பிக்குக் கை துறுதுறுங்கும். ஒரு வாய் அள்ளி வச்சாக்கூட ஒரு மாசம் குடிச்ச கஞ்சி வீணாப் போயிரும். அவரு முன்னாடி நீங்க மட்டும் எப்படிச் சாப்பிடுவீக? அதான் விடியக்காலயே கொல்லையில போயிப் பறிச்சேன். புண்ணுக்கு இதுதான் மருந்து. பாசிப்பருப்பு போட்டுக் கடஞ்சு குடு."

கற்பகவல்லி கீரையை வாங்கிக்கொண்டாள். பேச்சுச் சத்தம் கேட்டு ஜெயபாண்டி வாசலுக்கு வந்தான்.

"வாங்கக்கா. பெருநாளெல்லாம் நல்லபடியா..."

"நல்லாத்தான் தம்பி. வயித்துப் புண்ணு இப்ப எப்படி இருக்கு?"

ஜெயபாண்டிக்கு அப்படி ஒரு புண் இருப்பது அப்போதுதான் தெரியும். அவன் பொண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். அவள் கையில் இருந்த கீரையைப் பார்த்தான். ஒரு மாசமாகக் குடித்த கஞ்சி எப்படி வந்தது, ஏன் தண்ணியாக வந்தது என்பதெல்லாம் அந்த ஒரு பார்வையில் அவனுக்கு விளங்கிவிட்டது. மெல்ல வயிற்றைத் தடவிக்கொண்டான்.

"இப்பப் பரவாயில்லக்கா. ராத்திரியானாத்தான் கொஞ்சம் எரியுது."

"ராத்திரிதான் எரியும். கீரையச் சாப்பிடுங்க, சரியாப் போயிரும்" என்று சபுரா கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வளவு வாசலில் யாரோ கூப்பிட்டுப் பேச, அங்கே நின்றாள்.

கற்பகவல்லி கதவோரம் சாய்ந்து நின்றாள். யாரைக் குறை சொல்வது? அழகுமீனா கழுவி வைத்த தட்டை எடுத்துப் பழைய இடத்தில் கவிழ்த்து வைத்தாள்.

எதிர்வீட்டிலிருந்து யோகலட்சுமி ஒரு கிண்ணத்தோடு வந்தாள்.

"என்ன மதினி, சபுராக்கா ஒங்களுக்குக் கீரையக் குடுத்துட்டுப் போறாக! அண்ணனுக்கு ஆகாதுன்னா சரி, ஒங்களுக்கும் புள்ளைக்கும் என்ன கேடு? இந்தா, ரெண்டு வாய் சாப்பிடுங்க. நான் கேட்டு வாங்குனதுதான், நெறைய இருக்கு."

பழகின வாய். கற்பகவல்லி யோசிக்கும் முன்னால் அது பேசிவிட்டது. "வேணாம் யோகம். நாங்க அப்பவே சாப்பிட்டோம்."

"புள்ளைக்காச்சும் குடுங்க. ஏத்தா மீனா, இங்க வா."

அழகுமீனா வாசலுக்கு வந்தாள். கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை. யோகலட்சுமியின் முகத்தைப் பார்த்து அழகாகச் சிரித்தாள்.

"வேணாம்த்தே. அம்மா காலையில பூரி போட்டுச்சு. கெழங்கு வச்சு. நான் நெறையச் சாப்பிட்டுட்டேன், இன்னும் நெஞ்சுலயே நிக்குது. பிரியாணி நாளைக்குச் சாப்பிடுறேன்த்தே."

"அடேயப்பா, பூரியா! அதான பாத்தேன்" என்று யோகலட்சுமி நம்பிவிட்டாள். நம்பாமல் என்ன செய்வாள்? அந்தப் பிள்ளை சொன்னது அப்படி. கற்பகவல்லி பொய் சொன்னால் வாய் குழறும், முகம் கோணும். இந்தப் பிள்ளைக்கு ஒரு சுருக்கம்கூட முகத்தில் விழவில்லை. பூரிக்குத் தொட்டுக்கொள்ளக் கிழங்குகூட வைத்துவிட்டாள். பதினோரு வயசில் இது எங்கே கற்றாள், எத்தனை நாளாகப் பழகினாள் என்று கற்பகவல்லிக்குத் திக்கென்றது. அப்போதுதான் அந்த இன்னொரு பேச்சும் உறைத்தது. பள்ளிக்கூடத்துல நெறையச் சோறு போட்டாங்கம்மா. வயிறு திம்முனு இருக்கு. பாதிக் கஞ்சியைத் தன் பக்கம் தள்ளின அந்தச் சின்னக் கை. அதை நம்பி, அந்தப் பாதியையும் வாங்கிக் குடித்த தன் வாய்.

முனியசாமி சொன்ன ஒரு சொல்லுக்குப் பயந்து இந்த வீட்டில் எதை வளர்த்திருக்கிறாள் அவள்? பசிக்குது என்று அம்மாவிடம்கூடச் சொல்லத் தெரியாத ஒரு பிள்ளையை. வெக்கங்கெட்டவள் என்று அவள் ஏசினவளோ, தனக்குப் போட்டதில் பாதியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"யோகம்!"

அவள் போட்ட சத்தத்தில் வளவே திரும்பியது. தன் வாசலை எட்டிவிட்ட யோகலட்சுமி நின்றாள். வளவு முகப்பில் சபுராவும் திரும்பினாள்.

"யோகம், குடுறி அத. நாங்க சாப்பிடல. பூரியுமில்ல, ஒரு மண்ணுமில்ல. நேத்து ராத்திரி குடிச்ச கஞ்சிதான்." கற்பகவல்லி சபுராவைப் பார்த்துச் சொன்னாள். "என்னய மன்னிச்சிருங்கக்கா. அவுகளுக்கு வயித்துல புண்ணு இல்லக்கா. வயித்துல ஒண்ணுமே இல்ல."

எல்லார் வீட்டு வாசலிலும் தட்டோடு நின்றவர்கள் கையை வாயிலிருந்து எடுத்துவிட்டார்கள். சபுரா அவசரமாகக் கூடைக்குள் கையை விட்டுத் துழாவினாள். வாளிகள் எல்லாம் காலி. "ஏ, பாவி மகளே, எங்கிட்டச் சொல்லக் கூடாதா? தெளிவா ஊத்துங்க, தெளிவா ஊத்துங்கன்னு நானே என் வாயால..." என்று சொல்லத் தொடங்கி, முடிக்க மாட்டாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம், "இருங்க, வீட்டுல சட்டியில எதாச்சும் இருக்கான்னு பாத்துட்டு வாரேன்" என்று புதுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினாள்.

யோகலட்சுமி கிண்ணத்தைக் கொண்டுவந்து அழகுமீனாவின் கையில் வைத்தாள். கற்பகவல்லியைப் பார்க்காமலே அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அழகுமீனா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சாப்பிடு என்று கற்பகவல்லி தலையசைத்தாள். ஆனால் அந்தப் பிள்ளை கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனது. ஜெயபாண்டி அடுப்புச் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். வெளியே பேசினது வளவுக்கே கேட்டபோது அவனுக்கு மட்டும் கேட்காமலா இருக்கும்?

"சாப்பிடுங்கப்பா" என்று கிண்ணத்தை அவன் முன்னால் நீட்டினாள்.

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். சின்னக் கிண்ணம். ஒரு பிள்ளைக்குத்தான் காணும்.

"அப்பாவுக்கு வயித்துப் புண்ணுல்லத்தா" என்றான். "பிரியாணியெல்லாம் ஆகாது. நீ சாப்பிடு."

அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு அவனுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.